கோடு போடாத போல்ட்

மலேசியாவின் சுங்கை பினாங்கில் பந்தய மோட்டார் சைக்கிள்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் ஒருவர். பந்தயம் இல்லாத மாதங்களில், போனால் போகிறதென்று என் ஸ்கூட்டரையும் தொடுவார். குள்ளமான ஆள், காதில் மஞ்சள் பெயின்ட் பேனா. இறுக்கிச் சரிபார்த்த ஒவ்வொரு போல்ட்டிலும் கோடு போடுவார்.

ஒருநாள் என் கண்ணெதிரே, கடைசிப் பந்தயத்தில் விழுந்த வண்டியைப் பிரிக்கையில், முன் பிரேக்கில் கோடில்லாத போல்ட் ஒன்றைக் கண்டார்.

“இறுக்கமாத்தானே இருக்குண்ணே?” என்றேன்.

“இருக்கு.”

“ஓட்டுனவனே லேட்டா பிரேக் பிடிச்சேன்னு சொல்லிட்டான். விடுங்க லா.”

“அவன் சொல்லுவான். நான் செக் பண்ணலையே, சார்.”

கால் உடைந்து கிடந்த அந்தப் பையனுக்கே போன் போட்டார். “தம்பி, பிரேக்ல ஒரு போல்ட்ட நான் செக் பண்ணாம விட்டுட்டேன். அடுத்த சீசனுக்கு நான் வேணுமா வேணாமான்னு நீயே சொல்லு.”

என் புத்தகப் பிழைகளை இருபது வருடமாக அச்சகத்தின் தலையில் போட்டு வருபவன் நான். மெதுவாக வெளியே போய் நின்றுகொண்டேன்.