தொப்பிக்காரனை முடித்தது யார்

'செவ்வாய். வேலை நிறுத்தம், இரண்டாம் நாள். அக்கா தொப்பிக்காரனை முடித்தாள்.'

அன்று மாலை என் பள்ளிக்கூடக் கொப்பியில் நான் எழுதிய குறிப்பு இது. வருடம் இல்லை, முந்தைய பக்கத்தில் தரம் ஒன்பதின் புத்தகப் பட்டியல் இருப்பதால் வருடத்தைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

தொப்பிக்காரன் என்பது நாங்கள் வைத்த பெயர். தொலைக்காட்சியில் பொருத்தும் மலிவான விளையாட்டுப் பெட்டியில் ஒரு மஞ்சள் கசெட்டைச் செருகினால், தொப்பி போட்ட குள்ளன் பாறைக்குப் பாறை தாவுவான். கசெட்டின் மேல் ஒட்டியிருந்ததோ போர் விமானப் படம். நோர்வூட் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்திலேயே அது ஒரு வீட்டில்தான் இருந்தது. கணக்கப்பிள்ளையின் மகன், என் வகுப்புத் தோழன் வீட்டில்.

அந்தத் தோழன் இப்போது கொழும்பில் இருக்கிறான். சென்ற மாதம் எங்கள் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பெட்டியின் படத்தைப் போட்டு உருகியிருந்தான். அந்தக் காலம் பொற்காலமாம். ஒரே அறையில் ஏழு பேர் படுத்ததும், தகரக் கூரை ஒழுகியதும் பொற்காலத்தில் சேரவில்லை. அவன் வீட்டுக் கூரை ஒழுகியதில்லை. கீழே இப்படி எழுதியிருந்தான்: "பத்துத் தடவ முடிச்சிருக்கேன் மச்சான். வேற யாரும் முடிச்சதில்ல. பொம்பளப் புள்ளைங்க தொட்டதுகூட இல்ல." இதயங்கள் குவிந்தன.

அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"அவனா? ரெண்டாவது பாறையிலயே விழுவான். அவங்கம்மாதான், 'இவன் டியூசனுக்குப் போயிருக்கான், நீ வந்து விளையாடு புள்ள'ன்னு கூப்பிட்டாங்க. அந்தக் கேம எங்கயாவது தேடிக் கொண்டாடா தம்பி. அவன் மூஞ்சிக்கு முன்னாலயே முடிச்சுக் காட்டுறேன்."

அவள் எதையும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஹட்டனில் நான்கு கடை ஏறினேன். "அண்ணே, அதெல்லாம் குப்பையில தேடணும்," என்றார் ஒருவர். கைப்பேசியில் கிடைத்த பழைய ஆட்டங்களில் தொப்பி இருந்தது, பாறை இல்லை. கசெட் என்னவானது என்று குழுவிலேயே கேட்டேன். வீடு மாறும்போது எறிந்துவிட்டானாம். எறிந்த பொருளுக்குத்தான் இத்தனை கண்ணீர்.

கொப்பிப் பக்கத்தைப் படமெடுத்துப் போட்டேன்.

"நீயும் என்கூட டியூசன்லதானடா இருந்த? உங்கக்கா சொன்னத எழுதி வச்சா அது சாட்சியா?"

நியாயமான கேள்வி. அவன் வாழ்நாளில் கேட்ட ஒரே நியாயமான கேள்வியாகவும் இருக்கலாம். நானும் ஒன்று கேட்டேன்: கடைசியில் என்ன வரும்?

"ஸ்கிரீன் அப்படியே சுருங்கி இருட்டாயிரும் மச்சான். முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மாலைக் கொழுந்து வந்து சேர்ந்ததும் தொழிற்சாலையில் இலை வாட்டும் பெரிய விசிறிகளைப் போடுவார்கள். எங்களுக்கும் அதே கம்பியில்தான் மின்சாரம். விசிறி சுழன்றதும் படம் சுருங்கி அணையும். அதையே ஆட்டத்தின் முடிவு என்று நம்பி நாங்கள் எல்லோரும் கை தட்டியிருக்கிறோம், நானும்தான். பிறகு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் புரிந்தது. அவனுக்கு இன்னும் புரியவில்லை. பத்துத் தடவையும் ஜெயித்தது விசிறி.

வேலை நிறுத்தத்தன்று கொழுந்து இல்லை, விசிறியும் இல்லை. அக்காவிடம் அதே கேள்வியைக் கேட்டேன்.

"உச்சிக்குப் போனதும் தொப்பியக் கழட்டி வச்சுட்டு உக்காந்தான். அப்புறம் எந்திரிக்கவே இல்ல. நானும் கொஞ்ச நேரம் பாத்துட்டு, உலை வைக்க வந்துட்டேன்."

இதைக் குழுவில் எழுதியபோது ஓர் இதயமும் விழவில்லை. அக்கா விளையாடியதைப் பார்த்த ஒரே ஆள் தோழனின் அம்மா; அவரும் இன்றில்லை. தொப்பிக்காரன் கடைசியில் உண்மையிலேயே தொப்பியைக் கழற்றி வைத்து உட்காருவானா என்பதை என்னால் இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.