ராணியைக் கொடுத்து ஜெயித்த காலை

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மார்கழி மாதம். அப்போது கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு தினமும் காலை பாசஞ்சர் ரயிலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எதிர் சீட்டில் என்னைவிடப் பத்து வயது மூத்த அக்கா ஒருவர் வருவார். பள்ளிக்கூட அலுவலகம் ஒன்றில் வேலை. இருவருக்கும் செஸ் பைத்தியம். காந்தக் காய்கள் வைத்த சின்ன போர்டில் தஞ்சாவூர் வரும்வரை ஆடுவோம்.

அக்கா நிதானமானவர். ஒரு சிப்பாயைக்கூட சும்மா விடமாட்டார். நானோ அந்தக் காலத்து மேதைகளின் ஆட்டங்களை போனில் பார்த்துக் கிறங்கிக் கிடப்பவள். குதிரையைக் கொடுத்து, யானையைக் கொடுத்து, கடைசியில் ராணியையே கொடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் இரண்டு காய்களால் ராஜாவை மடக்கிவிடுவார்கள். பார்க்கும்போதே உடம்பு சிலிர்க்கும். நானும் அப்படி ஆட ஆசைப்பட்டு தினமும் தோற்பேன்.

"போன்ல பாக்க நல்லாத்தாம்மா இருக்கும்" என்று அக்கா சிரிப்பார்.

அன்று எனக்கு அமைந்துவிட்டது. குதிரையைக் கொடுத்து அக்காவின் ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாய்களை உடைத்தேன். பாபநாசம் நெருங்கும்போது, தஞ்சாவூருக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்க, ராணியைக் கொண்டுபோய் அவர் யானைக்கு எதிரே வைத்தேன். எடுத்தாலும் தோல்வி, எடுக்காவிட்டாலும் தோல்வி. அக்கா போர்டின் மேல் குனிந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. வெளியே வயல் தெரியாத அளவுக்குப் பனி, நான் ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன். அவருக்கு வியர்ப்பது என் ஆட்டத்தால்தான் என்று நினைத்து உள்ளுக்குள் பூரித்தேன்.

பாபநாசத்தில் ரயில் நின்றதும் பையை எடுத்தார். "இங்கயே எறங்கிடட்டுமாம்மா? தாடையெல்லாம் வலிக்குது, என்னமோ மாதிரி இருக்கு."

"தோக்கப்போறோம்னு தெரிஞ்சதும் எறங்கப் பாக்குறீங்களாக்கா?" என்றேன்.

விளையாட்டாகத்தான் சொன்னேன். ஆனால் அவர் போய்விட்டால் என் ஆட்டம் பாதியில் நின்றுவிடுமே என்ற பயமும் அதில் இருந்தது. அக்கா லேசாகச் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். ராணியை எடுத்தார். மூன்றாவது நகர்த்தலில் செக்மேட். நான் போர்டைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன், அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

தஞ்சாவூரில் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. பெட்டியில் இருந்த பெண்கள் சேர்ந்து தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம். மாரடைப்பு. "அரை மணி நேரம் முன்னாடி வந்திருந்தா இவ்வளவு பாதிப்பு இருந்திருக்காதே" என்றார் டாக்டர்.

உயிர் பிழைத்தார். ஆனால் இதயம் பலவீனமாகிவிட்டது. மாடிப்படி ஏற முடியாது. வேலையை விட்டுவிட்டார்.

வீட்டுக்குப் பார்க்கப் போனேன். அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க கூட இருந்ததாலதான் ஆன்ட்டி, அம்மா எங்களுக்குக் கெடைச்சாங்க."

அக்கா பாபநாசத்தில் இறங்கப் பார்த்ததைப் பற்றி வீட்டில் சொல்லவே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. சொல்லிவிட வாயெடுத்தேன். "ஆன்ட்டிக்கு காபி கொண்டாம்மா" என்று மகளை உள்ளே அனுப்பிவிட்டு, "விடு, அப்ப ரெண்டு பேருக்கும் தெரியலல்ல" என்றார் அக்கா.

அந்த நன்றியை வாங்கிக்கொண்டு, காபியையும் குடித்துவிட்டு வந்தேன். இன்றுவரை அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லவில்லை. அந்த மேதைகளின் பழைய ஆட்டங்களை இப்போதும் எப்போதாவது பார்க்கிறேன். ஒவ்வொரு நகர்த்தலும் அவற்றில் இருக்கிறது, எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு அன்று உடம்பு எப்படி இருந்தது என்பது மட்டும் எதிலும் இல்லை.