பாயில் சுருட்டிய துப்பாக்கி

தங்கத்தாயின் மகள் ஆனந்தவள்ளிக்குப் போலீஸ் வேலை கிடைத்துவிட்டது. இனி வீட்டை விசாரிக்க ஆள் வருவார்கள். அந்த வீட்டிலோ ஒரு பழைய பட்டாளத் துப்பாக்கி இருந்தது. அதற்குக் காகிதம் ஒன்றும் கிடையாது.

கொண்டுவந்தவர் மாமனார் சங்கிலிப்பாண்டி. பட்டாளத்தில் கழித்துக்கட்டியதை ஏலத்தில் எடுத்தேன் என்று சாகும்வரை சொன்னார். கீழப்பாவூரில் ஒருவர் நம்ப வேண்டுமே. "துப்பாக்கிய எவம்லே ஏலம் விடுவான்? தூக்கிட்டு வந்திருப்பாரு" என்று சிரித்தார்கள். தங்கத்தாய் மட்டும் நம்பினாள். அடுத்தவன் வேலியில் ஒரு முருங்கைக்காய் பறிக்காத மனிதர் அவர்.

"கிணத்துல போட்டுருவோம்மா" என்றாள் மகள்.

"போடமாட்டேன். போட்டா திருட்டுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரில்லா."

தங்கத்தாய் அதைக் கோரைப்பாயில் சுருட்டிக்கொண்டு குற்றாலம் பஸ் ஏறினாள். சீசன் கூட்டம். "அருவிக்குப் பாய் எதுக்குக்கா?" என்றார் கண்டக்டர்.

"குளிச்சிட்டு படுக்கதுக்கு."

குற்றாலத்தில் மசூது இருந்தார். பட்டாளத்தில் துப்பாக்கி பழுது பார்த்தவர். பாயைப் பிரித்ததும், "என்ன தாயி, சாமி சிலையா?" என்றார். வருஷம் தவறாமல் ஆயுதபூஜைக்கு அப்பிய சந்தனமும் குங்குமமும் இரும்பில் ஓடாக ஏறியிருந்தன. மண்ணெண்ணெய்த் துணியால் தேய்க்கத் தேய்க்க முத்திரைகள் தெரிந்தன.

"1917-ல செஞ்சது. வடக்க ஒரு ரெஜிமென்ட்ல இருந்திருக்கு. கடைசில பயிற்சிக்கு ஒதுக்கிட்டாங்க, சுடாம தோள்ல வச்சு நடக்கதுக்கு. அப்படின்னா குழல்ல ஓட்டை போட்டிருக்கணும். காணோமே."

மசூது ஊசியால் அங்கங்கே குத்தினார். ஓரிடத்தில் சந்தனம் கட்டியாகப் பெயர்ந்து விழ, விரல் நுழையும் ஓட்டை.

"நீங்கதான் தாயி அடச்சு வச்சிருக்கீங்க. இந்தா பாருங்க, ரெண்டு அம்பு முட்டி நிக்குது. பட்டாளம் வித்ததுக்கு அடிக்கிற முத்திரை. களவுச் சாமானுக்கு இத எவன் அடிப்பான்?"

தங்கத்தாய் அந்த முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள். மாமா சொன்னது அத்தனையும் நிஜம்.

ஒளித்து வைத்தால்தான் வம்பு என்று மசூதே கூட வந்து போலீஸ் ஸ்டேஷனில் காட்டினார். அங்கிருந்த அதிகாரி ஓட்டைக்குள் பேனாவை விட்டுப் பார்த்தார். "இது சுடாதும்மா. உங்க மக வேலைக்கு ஒரு தடையும் இல்ல."

வெளியே வந்து மகளுக்குப் போன் போட்டாள்.

"ஏம்மா, என்னாச்சு? சொல்லும்மா."

"தடையில்லையாம்ட்டி. மீதிய வந்து சொல்லுதேன். நேத்துலருந்து பட்டினி, மொதல்ல ரெண்டு புரோட்டா திங்கணும்."