எடுக்கும் நேரம்

நான் உட்காரும் அறைக்கு ஜன்னல் கிடையாது. டோல்கேட் பக்கம், லாரி உதிரிபாகம் விற்கும் கடையின் மாடியில் இருக்கிறது எங்கள் கேபிள் சேனல் அலுவலகம். அதன் பின்பக்கம் பலகை அடித்துப் பிரித்த சின்ன அறை என்னுடையது. ஏசி நாள் முழுக்க ஓடும். எனக்காக இல்லை, கம்ப்யூட்டர்களுக்காக. புடவைக்கு மேல் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு மூன்று திரைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். வெளியே வெயிலா மழையா என்பது டீ கொண்டுவருகிறவரின் சட்டையைப் பார்த்தால்தான் தெரியும்.

பத்தாவது முடித்துவிட்டு, வீட்டில் சும்மா இருக்க வேண்டாமே என்று இங்கே வந்தவள். எனக்கு ஆட்களோடு பேச வராது. அதனால்தான் முதலாளி என்னைப் பின்பக்க அறைக்கு அனுப்பினார். அப்போது பாட்டுக்குப் பாட்டு நான்தான் டிஸ்க் மாற்றுவேன். கழிவறைக்குப் போவதென்றால்கூட நீளமான பாட்டாகப் பார்த்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். இப்போது எல்லாம் சாஃப்ட்வேர். எந்தப் பாட்டு, எந்தப் படம், நகைக்கடை விளம்பரம் எந்த நிமிடம் என்று ஒரு பட்டியல் ஓடும். ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக வரும். பட்டியல் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அது நிற்பதே இல்லை. நிற்காத ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருந்தால் உடம்பு எவ்வளவு அசந்துபோகும் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. 'உட்கார்ந்த வேலைதானே' என்பார்கள்.

திரையின் அடியில் ஒரு கருப்புப் பட்டை ஓடும். சாவுச் செய்தி. இறந்தவர் பெயர், தெரு, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், எந்தச் சுடுகாடு. எங்கள் சேனலில் படம் பார்க்காதவர்கள்கூட அந்தப் பட்டையைப் பார்ப்பார்கள்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தப் பக்கத்தில் பேச்சுவார்த்தை இல்லாத குடும்பங்கள் நிறைய. அண்ணன் தம்பி ஒரே தெருவில் இருப்பார்கள், பத்து வருஷமாக முகம் பார்த்திருக்க மாட்டார்கள். சாவு விழுந்தால் என்ன செய்வது? போன் பண்ணினால் நாம் இறங்கிப் போனதாக ஆகிவிடும். சொல்லாமல் விட்டால் பாவம். டிவியில் போட்டுவிட்டால் சொன்ன மாதிரியும் ஆச்சு, சொல்லாத மாதிரியும் ஆச்சு. வருகிறவர்களும் 'டிவியில் பார்த்தேன், வந்தேன்' என்று சொல்லிவிட்டு உள்ளே வரலாம். யாரும் யாருக்கும் இறங்கிப் போகவில்லை. எங்கள் சித்தப்பா இறந்தபோது நாங்களே அப்படித்தான் போனோம். அந்தச் செய்தியைப் பட்டையில் அடித்ததும் நான்தான்.

எங்களையும் இன்னும் சில ஏரியா சேனல்களையும் ஒரு கம்பெனி சேர்த்து வாங்கிய பிறகு, நான் அடித்தது உடனே திரையில் வருவது நின்றுபோனது. நான் எழுதி அனுப்ப வேண்டும். நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கும் தலைமை அலுவலகத்தில் ஒருவர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். மத்தியானத்தோடு அன்றைய பட்டியலைப் பூட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு மாற்றம் என்றால் அவர்களாகப் பார்த்துத் திறந்தால்தான் உண்டு. பூட்டியதற்கு அடையாளமாகத் திரையின் ஓரத்தில் சிவப்பாக ஒரு பூட்டுப் படம் வரும்.

அன்றைக்குக் காலையில் வியாசர்பாடியிலிருந்து ஒருவர் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். அவருடைய அப்பா இறந்துவிட்டார், வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர். மாலை ஐந்து மணிக்கு எடுக்கிறோம், மூலக்கொத்தளம் என்று சொன்னார். எழுதி அனுப்பினேன். ஒப்புதல் வந்து பட்டையும் ஓட ஆரம்பித்தது. அவர் போகவில்லை. என் திரையில் அது ஒரு முறை முழுக்க ஓடும்வரை நின்று பார்த்தார்.

"நெட்டுக்குப்பத்துல தெரியுமாக்கா இது?"

"தெரியும்பா. எண்ணூர் வரைக்கும் தெரியும்."

"எங்க அத்தை அங்கதான் கீது. அப்பா கூடப் பொறந்தது. அது பொண்ணு கல்யாணத்துக்கு எங்கப்பா தாய்மாமனா போயி நிக்கல. அதோட பேச்சு வார்த்த இல்ல. ரெண்டு பேருக்கும் அவ்ளோ ரோசம்." திரையைப் பார்த்தபடியே, "அப்பா கடைசியா அத்தையத்தான் கேட்டுகினு இருந்துச்சு" என்றார்.

மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை நான் மூடிக்கொண்டிருந்தபோது அதே ஆள் மறுபடியும் வந்து நின்றார். சட்டையெல்லாம் வியர்வை.

"டைம் மாறிடுச்சுக்கா. மூணு மணிக்கே எடுக்குறோம். மாத்திடு."

"காலையில அஞ்சுன்னுதானப்பா குடுத்த?"

"ஐஸ் பெட்டி புட்டுகிச்சு. வேற பெட்டி காலியில்லன்றான். இந்த வெயிலுக்குத் தாங்காது, எடுத்துடலாம்னு பெருசுங்க சொல்லிடுச்சுங்க."

சிவப்புப் பூட்டைக் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை. தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். மரியாதையான குரல்.

"அப்ரூவ் பண்றவர் லஞ்சுக்குப் போயிருக்கார் மேடம். ரிக்வெஸ்ட் போட்டு வையுங்க."

"சாவு வீடும்மா. நேரம் மாறியிருக்கு."

"புரியுது மேடம். நானா மாத்த முடியாது, சிஸ்டம் விடாது."

போனை வைத்து, ரிக்வெஸ்டையும் போட்டுவிட்டு அவரைப் பார்த்தேன். "நீயே ஒரு போன் பண்ணி அத்தைகிட்ட சொல்லிடேம்பா."

"சொல்லலாம். நான் கூப்ட்டு அது வந்துச்சுன்னு எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா, பொணத்தைப் போட்டுகினே சண்டைக்கு நிக்கும். அத்தையும் லேசுப்பட்டது இல்ல. 'உங்கம்மா கூப்பிடச் சொல்லுச்சா'ன்னுதான் மொதல்ல கேக்கும். டிவில பாத்து வந்துச்சுன்னா யாரும் ஒன்னியும் பேச முடியாது." வாசல் பக்கம் பார்த்தார். "அஞ்சுன்னு நெனச்சுகினு அது வந்து நிக்கும்போது எடுத்து முடிச்சிருப்போம். பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வர்றதில்லல்ல. வூட்டுல பாத்தாதான் உண்டு."

அவர் போய்விட்டார். அவருக்குச் சாவு வீட்டில் வேலை கிடந்தது.

என் மேசையில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் பட்டியல் நின்று எல்லாம் என் கைக்கு வந்துவிடும். பயிற்சியில் ஒரு தடவை அழுத்திக் காட்டினார்கள், அத்தோடு சரி. அழுத்தினாலும் அவர்கள் ஒப்புக்கொண்டதை மட்டும்தான் போட முடியும். புதிதாக எதுவும் எழுத முடியாது. ஒன்றே ஒன்றைத் தவிர. கோளாறு வந்தால் நீல நிறத்தில் ஒரு அட்டை வரும், 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று. அதன் கீழே ஒரு வரி எழுத இடம் விட்டிருப்பார்கள், எப்போது சரியாகும் என்று சொல்ல. கோளாறு நேரத்தில் யாரிடம் போய் ஒப்புதல் கேட்பது? அதனால் அதற்கு மட்டும் பூட்டு இல்லை.

அழுத்தினேன். பாட்டு பாதியில் அறுந்தது. அந்த வரியில் இறந்தவர் பெயரை அடித்தேன். இடம் போதவில்லை. 'திரு'வை எடுத்தேன், தெருப் பெயரைச் சுருக்கினேன். 'எடுப்பது 5 மணிக்கு இல்லை, 3 மணிக்கு.' அவ்வளவுதான் கொண்டது.

முதல் போன் கொருக்குப்பேட்டையிலிருந்து வந்தது.

"இன்னாம்மா, பாட்டு ஓடிகினு இருந்துச்சு, சாவு நியூஸ நிறுத்தி வச்சிருக்கீங்க? அவுரு செத்ததுக்கா தடங்கல்?"

"நேரம் மாறிடுச்சுண்ணா."

"வெல்டிங்காரரா? அடப்பாவமே. நான் நாலு மணிக்குக் கெளம்பலாம்னு படுத்துகினு இருந்தேன்."

இரண்டாவது போன் தலைமை அலுவலகம். ஆண் குரல். "மேனுவலுக்கு யார் போகச் சொன்னது? நகைக்கடை விளம்பரம் போகாம நிக்குது." அவர் கேட்டதையே மறுபடியும் கேட்டார். நான் காதில் போனை வைத்துக்கொண்டு அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேசாமல் இருக்கிற ஒவ்வொரு கணமும் அது திரையில் இருக்கும் என்று தோன்றியது. பிறகு என் திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. அங்கிருந்தே எடுத்துக்கொண்டார்கள். நீல அட்டை மறைந்தது, நகைக்கடை வந்தது, கீழே கருப்புப் பட்டை மறுபடியும் ஓடியது. மாலை ஐந்து மணிக்கு என்று. அதை நிறுத்தவும் எனக்கு வழியில்லை. மூன்று மணி ஆகி, அதையும் தாண்டி, ஐந்து மணி ஐந்து மணி என்று அது போய்க்கொண்டே இருந்தது.

சில நாள் கழித்து அவர் மொட்டைத் தலையோடு காரியத்துக்குச் செய்தி கொடுக்க வந்தார்.

அத்தை டிவி பார்க்கவில்லையாம். மீன் கழுவிக்கொண்டிருந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி நீல அட்டையைப் பார்த்துவிட்டுக் கத்தியிருக்கிறாள். ஆட்டோ பிடித்து வந்தால், எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. இறங்கி லாரிகளுக்கு நடுவே நடந்து, அந்தப் பக்கம் வேறு ஆட்டோ பிடித்திருக்கிறது. நல்லவேளை, மேளக்காரர்கள் தாமதம். வீட்டு வாசலில் பாடை தயாராகிக்கொண்டிருந்தபோது வந்து சேர்ந்துவிட்டது.

"எங்கம்மா பாத்துச்சு. 'இப்பத்தான் வழி தெரிஞ்சுதா'ன்னு கேட்டுச்சு. அத்தை, 'டிவில போட்டாங்க, வந்தேன். உன்னப் பாக்க ஒன்னும் வர்ல'ன்னு சொல்லிட்டு நேரா போயி கோடித்துணியப் போத்துச்சு. எங்கம்மா தலமாட்டுல தான் குந்திகினு இருந்த எடத்துலேர்ந்து கொஞ்சம் நவுந்து குடுத்துச்சு."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உனுக்கு ஒன்னும் பிரச்சின ஆவலியேக்கா?"

"இல்லப்பா" என்றேன்.

எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது, மேசை இழுப்பறையில் கிடந்தது. நான் அழுத்திய மறுநாளே ஒருவர் வந்து அந்தப் பொத்தானைத் துண்டித்துவிட்டுப் போயிருந்தார். நீல அட்டையும் இப்போது அவர்கள் கையில்.

போன வாரம் மூலக்கொத்தளத்துக்குப் பின்னாலிருந்து ஒரு அம்மா வந்தார். காலையில் எழுதிக் கொடுத்த நேரம் மாறிவிட்டதாம். பூட்டு விழுந்திருந்தது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"யாருக்குத் தெரியணுமோ அவங்களுக்கு ஒரு போன் பண்ணிடுங்கம்மா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"போன் பண்ற மாதிரி இருந்தா நான் ஏம்மா இந்தப் படியேறி இங்க வர்றேன்?"

உட்காரச் சொல்லிவிட்டு, தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். அதே பெண் எடுத்தாள். அவள் சொல்வதற்கு முன்பே, ஒப்புக்கொள்கிறவர் வரும்வரை நான் லைனிலேயே இருக்கிறேன் என்று சொன்னேன். அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, ஏசி குளிருக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.