மச்சான் காதில் மோடம்

தேக்காவில் ஒரு பழைய பொருள் கடையில் வாங்கிய மடிக்கணினிக்கு, டெலிபோன் வயர் வழியாக இணையத்துக்குப் போகும் அந்தக் காலத்து மோடம் கார்டு ஒன்றைப் போட்டேன். பக்கவாட்டு இடுக்கில் செருகி, டிரைவரை ஏற்றி, வீட்டு டெலிபோன் வயரை மாட்டியதும் அதற்கு உயிர் வந்துவிட்டது. ஆனால் டயல் செய்து இணையத்துக்குள் போக இன்று எந்த எண்ணும் இல்லை. சும்மா விடுவேனா? போன் அடித்தால் மோடமே எடுக்கும்படி செட் செய்தேன்.

‘பேங்க் ஆபீசர்’ என்று தினமும் அழைக்கும் மோசடிக்காரன்தான் முதலில் மாட்டினான். மோடம் அவன் காதில் ‘கீய்ய்ங்’ என்று அலறியது. வயிறு வலிக்கச் சிரித்தேன். வாராவாரம் வீட்டு எண்ணுக்கே போன் போட்டு முழங்கால் வலியை விவரிக்கும் என் மனைவியின் அண்ணனுக்கும் அதே மரியாதை கிடைக்கட்டும் என்று கார்டைக் கழற்றாமல் விட்டேன்.

சனிக்கிழமை காலை மச்சான் ஆங் மோ கியோவிலிருந்து வந்து வாசலில் நின்றார்.

“என்ன மாப்ள, போன் அடிச்சா ஏதோ கத்துது லா?”

“லைன் கோளாறு மச்சான்.”

போனில் பத்து நிமிடத்தில் முடிகிற முழங்கால், அன்று இரவுச் சாப்பாடு வரை நீண்டது. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே என் தோளைத் தட்டினார்.

“லைனெல்லாம் ரிப்பேர் பண்ணாதீங்க மாப்ள. இனிமே வாராவாரம் நேர்லயே வந்துடறேன்.”