சுவரோரம் நின்ற தண்ணீரும் ஒரு பாலிசியும்

பாறை மேட்டில் வீடு கட்டியவன் நான். வெடி வைத்துக் கிணறு எடுத்தேன். தென்னை பிடிக்காது என்று எல்லாரும் சொன்ன மண்ணில் தோப்பு வைத்தேன். இன்றைக்கு வியாபாரிகள் தேடி வந்து காய் ஏற்றுகிறார்கள். மாட்டு வண்டிகூட நுழையாத இடத்துக்கு வீடு வீடாகப் போய்ப் பேசி லாரி வர வழி வாங்கினேன். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. முதலில் கடன் தர யோசித்த பாங்குக்காரர்கள் பிற்பாடு வருஷா வருஷம் காலண்டர் கொடுத்து அனுப்பினார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமை என்றாலும் எனக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. இத்தனையிலும் களைக்காதவனை ஒரு இன்சூரன்ஸ் பாலிசி களைக்க வைத்துவிட்டது.

வீட்டுக்கு மாடி எடுக்கக் கடன் வாங்கியபோது கூடவே ஒரு பாலிசி எடுக்கச் சொன்னார்கள். தீ, புயல், திருட்டு. கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் வழக்குச் செலவும் சேரும் என்றார் ஏஜென்ட். "வீடு சம்பந்தமா கேஸ் கீஸ் வந்தா வக்கீல் பீஸு எல்லாம் கம்பெனியே பாத்துக்குங்க. நீங்க நிம்மதியாத் தூங்கலாங்க." கட்டினேன். ஒரு வருஷம்கூடத் தவறவில்லை.

பிறகு மேற்கே உள்ள இடத்தை வேறொருவர் வாங்கினார். என்னைவிட இளையவர், நம்ம பக்கத்து ஆள்தான். வீடு கட்டுவதற்காக லாரி லாரியாக மண் அடித்து இடத்தை உயர்த்தினார். என் வாசல் மழைத்தண்ணீர் காலம்காலமாக அந்த வழியாகத்தான் ஓடைக்குப் போகும். இப்போது போக வழியில்லை. என் சமையலறைச் சுவரை ஒட்டியே குளமாக நின்றது. சுவரில் ஓதம் ஏறியது, மூலையில் விரிசல் விட்டது. நான் கல் எடுத்துக் கட்டிய சுவர்.

எங்கள் பக்கம் எடுத்தவுடன் கோர்ட்டுக்குப் போகமாட்டோம். போனால் ஊரில் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். உறவில் மூத்தவர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். காபி கொடுத்தார்கள், குடித்தோம்.

"ஏனுங் தம்பி, தண்ணி போறதுக்கு ஒரு குழாய் பதிச்சுட்டா ரெண்டு பேருக்கும் சோலி முடிஞ்சுதில்ல?"

"பதிக்கலாமுங்கண்ணா. செலவுதான்…"

"செலவப் பத்தி ஏன் பேசறீங்க. பாதி நான் தாறேன்."

பேச்சை முடிப்பதற்காக அப்படித்தான் சொல்வது. சொல்லாதவன் கஞ்சன் என்று பேர் வாங்குவான். அவரும் தலையாட்டினார். வைகாசி பாதியில் பிடிக்கிற இடவப்பாதி மழை வந்தது, குழாய் வரவில்லை. கேட்டால் "பாக்கலாமுங்கண்ணா" என்றார். பாலிசி இருக்கிறதே என்று கம்பெனிக்குப் போன் போட்டேன்.

ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று ஒரு பெண் குரல். அமுக்கி அமுக்கி விரல் தேய்ந்தது. கடைசியில் பாலக்காட்டில் இருக்கும் அவர்கள் வக்கீலைப் பார்க்கச் சொன்னார்கள். போனேன். வக்கீல் மரியாதையாகத்தான் உட்கார வைத்தார்.

"எதிராளிகிட்ட முன்னாடியே ஏதாவது பேசினீங்களா?"

"பேசாம எப்புடிங்க? மூத்தவங்களக் கூட்டிட்டுப் போய் மொறையாப் பேசுனனுங்க. குழாய்க்குப் பாதிச் செலவு தாறேன்னுகூடச் சொன்னனுங்க. அந்த மனசு ஆருக்கு வருமுங்க?"

அவர் பேனாவை எடுத்து எழுதினார். என் நல்ல குணத்தை எழுதுகிறார் என்று நினைத்தேன்.

பத்துப் பதினைந்து நாளில் கடிதம் வந்தது, முழுக்க இங்கிலீஷில். என் மருமகள் படித்துச் சொன்னாள்.

"மாமா, கம்பெனியக் கேக்காம சமாதானம் பேசுனது தப்பாமுங்க. பாதிச் செலவு தாறேன்னு சொன்னதுனால பொறுப்பு உங்களுக்கும் இருக்குதுன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரியாமுங்க. செலவு தரமாட்டாங்களாமா."

"பக்கத்து ஊட்டுக்காரன்கிட்டப் பேசறதுக்கு அவங்க உத்தரவு வேணுமாக்கும்?"

"அப்படித்தானுங் மாமா போட்டிருக்குது. சின்ன எழுத்துல."

மறுபடி எழுதிப் போட்டோம். போட்டோ கேட்டார்கள், அனுப்பினோம். ஆதாரம் கேட்டார்கள், அனுப்பினோம். அடுத்த கடிதத்தில் ஜெயிக்கிற வாய்ப்பு குறைவு, ஆகையால் செலவு செய்வதற்கில்லை என்றார்கள். தோற்கும் என்று தெரிந்தால் தரமாட்டார்கள். ஜெயிக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் எனக்கு இவர்கள் எதற்கு? இதை யாரிடம் கேட்பது? போன் எடுப்பவர் ஒவ்வொரு முறையும் வேறு ஆள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து என் சுவர் கதையைச் சொன்னேன். மழைக்காலம் முழுக்கச் சொன்னேன். சொல்லிச் சொல்லி என் வாய்க்கே அலுத்துவிட்டது. இதற்குள் விரிசல் ஜன்னல்வரை வந்தது. பயந்துபோய் மருமகள் கேஸ் அடுப்பைக் கூடத்துக்கு மாற்றி அங்கேயே சமைத்தாள்.

கடைசியில் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் நானே ஒரு வக்கீலை வைத்தேன். தேங்காய் விற்ற காசு. அவர் நோட்டீஸ் அனுப்பினார், கேஸ் கொடுத்தார். கோர்ட்டிலிருந்து ஆள் வந்து தண்ணீர் நிற்கும் இடத்தைப் பார்த்து அளந்து எழுதிக்கொண்டு போனார். அடுத்த வாய்தாவுக்கு முன்னாலேயே பக்கத்து வீட்டுக்காரர் மண்ணை வெட்டிக் குழாய் பதித்துவிட்டார். தண்ணீர் ஓடைக்குப் போனது. சுவர் நின்றது. வழியில் பார்த்தால் இப்போதும் "வாங்கண்ணா" என்கிறார். எனக்குத்தான் பதில் பேசத் தெம்பு வருவதில்லை.

போன மாதம் ஏஜென்ட் வந்தார், புதுப்பிக்க. கையில் ஒரு போன். சுவருக்குப் பக்கத்தில் என்னை நிற்கச் சொன்னார்.

"ஒரு போட்டோங்க ஐயா. நம்ம பாலிசிக்காரர் ஒருத்தரோட வீட்டுப் பிரச்சனை நல்லபடியா தீந்துதுன்னு மீட்டிங்ல காட்டணுங்க. நாலு பேர் சேருவாங்க."

நான் நிற்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சுவரை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

"மீட்டிங்ல தாராளமாக் காட்டுங்க. காட்டறப்ப, வக்கீல வெச்சது நானு, செலவு செஞ்சது நானு, கம்பெனி மாட்டேன்னுருச்சுன்னு சேத்துச் சொல்லோணும். சொல்றீங்களான்னு பாக்க நானே வந்து முன் வரிசையில உக்காருவேன். சொல்லலீன்னா எந்திரிச்சு நான் சொல்லுவேன்."