போர்ட்டிகோவின் வாட்டம்

பள்ளி ஆசிரியையான என் மனைவி, நாற்பது வயதுக்கு மேல் ஆசைப்பட்டு ஏர் ரைஃபிள் சுடப் பழகினாள். அதில் குறிபார்க்க வாங்கிய ஸ்கோப்பை நானே மாட்டித் தருகிறேன் என்று ஆனையூர் வீட்டுப் போர்ட்டிகோவில் மேசையைப் போட்டேன். துப்பாக்கியை மேசைமேல் நிறுத்தி, ஸ்கோப்பின் மேல் மட்டும் ரசமட்டம் வைத்துப் பார்த்துத் திருகுகளை முடுக்கினேன்.

மறுநாள் ரைஃபிள் கிளப்பில், தூரம் கூடக் கூட அவள் சுட்ட குண்டுகள் வலப்பக்கமே விலகின.

"ஸ்கோப்பு மட்டமாத்தான் இருக்கு. நீதான் கோணலாப் பிடிக்கிற. இம்புட்டு நாளா என்னத்தப் பழகுன?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

வீட்டுக்கு வந்து அவள் போர்ட்டிகோவைக் கழுவினாள். தண்ணீர் மேசைக் காலடியில் புகுந்து கேட்டை நோக்கி ஓடியது. கட்டும்போது, "தண்ணி தேங்கக் கூடாதுண்ணே, வாட்டம் நல்லாக் குடுங்க" என்று கொத்தனாரிடம் சொன்னவனே நான்தான். சரிவான தரையில் மேசையும் துப்பாக்கியும் சாய்ந்திருக்க, ஸ்கோப்பை மட்டும் நேராக மாட்டியிருக்கிறேன்; துப்பாக்கிக்கு அதுதான் கோணல்.

அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "நெசமாவே என் கைதான் கோணல்னு நெனச்சுட்டேங்க" என்றாள்.

ஸ்கோப்பைச் சரிசெய்தபின், அடுத்த வாரம் அவள் குறி தப்பவில்லை. "அண்ணே, நீங்க போட்ட சத்தம் நல்லா வேலை செஞ்சிருக்கு" என்றார் கிளப்பில் ஒருவர். அவள் என்னைப் பார்த்தாள். நான் சிரித்துவைத்தேன்.

கத்தியதைவிட, அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் இன்றும் உடம்பு கூசுகிறது.